கசத்துத் தடம்

அவரிடம் எதையாவது கேட்டால் பதில் உடனே வராது. கேட்டவரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கேட்டதற்கு மட்டும் அளந்து சொல்வார். சொல்லி முடித்ததும், "இப்ப என் மொற" என்று தன் கேள்வியைப் போடுவார். அதற்குப் பதில் சொல்லாதவருக்கு அவரிடமிருந்து அடுத்த பதில் கிடைக்காது. இந்த வழக்கத்தை அவர் யாருக்காகவும் தளர்த்தி நான் பார்த்ததில்லை.

சங்கரன்கோவிலில் பஸ் நிலையத்திலிருந்து கோவிலுக்குப் போகும் தெருவில் என் கடை இருக்கிறது. கம்ப்யூட்டர் டைப்பிங், போட்டோ பிரிண்ட், லேமினேஷன். மாடி அறையைக் காட்டுயிர் ஆய்வு செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்களைப் பார்க்க வந்தவர், மாடி பூட்டிக் கிடந்ததால் என் கடைக்குள் வந்தார். சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குடியிருப்பின் வனக் குழுவுக்கு அவர்தான் தலைவர் என்பது பின்னால் தெரிந்தது. கையில் வைத்திருந்த தீர்மான நகலை லேமினேஷன் செய்ய வேண்டும் என்றார்.

"பேரு என்னக்கா?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு?"

"பில்லுல எழுதணும்."

சொன்னார். நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இப்ப என் மொற. ஒங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன?"

பக்கத்துச் செருப்புக் கடை அண்ணாச்சி அப்போது என் கடையில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். இத்தனை வருடக் கடை வாழ்க்கையில் மனைவியின் பெயரைக் கடைக்குள் நான் உச்சரித்ததில்லை. சொன்னேன்.

"நல்ல பேரு. பேரு சொல்லித்தான் கூப்பிடுவீங்களா?"

"அது ரெண்டாவது கேள்விக்கா."

"ஆமாலா. அப்ப நீங்க ஒண்ணு கேட்டுக்கிடுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செருப்புக் கடை அண்ணாச்சி அன்று முழுவதும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அச்சில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது.

அறக்கட்டளை அந்தக் குடியிருப்பைத் தேடிப் போகவில்லை. அவர்தான் அறக்கட்டளையைத் தேடி வந்தார். மலையுச்சிக்குக் கீழே ஒரு பெரிய புல்வெளிச் சரிவு உண்டு. மேல்புல்லு என்பார்கள். வரையாடுகள் அங்கேதான் குட்டி போடும். குட்டி போடும் தை, மாசி மாதங்களில் குடியிருப்பில் யாரும் மேல்புல்லுக்குப் போக மாட்டார்கள். அது அவர்களுடைய பழைய ஏற்பாடு. ஆனால் கீழே உள்ள ஊர்களிலிருந்து மாடு ஓட்டி வருபவர்களையும், நாயோடு ஏறி வருபவர்களையும் அந்த ஏற்பாடு கட்டுப்படுத்தவில்லை. மேலே வரையாடு இருக்கிறது, வழியை அடையுங்கள் என்று இவர்கள் மனுக் கொடுத்தால், எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் பார்த்தது என்ற கேள்விகள் திரும்பி வந்தன.

"நாங்க சொன்னா நம்ப மாட்டேங்காவ. பொட்டி சொன்னா நம்புவாவ" என்றார் அவர். மரத்தில் கட்டி வைத்தால், முன்னால் எது நடந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமராவைத்தான் பொட்டி என்றார். எங்கோ ஒரு கூட்டத்தில் அதைப் பார்த்திருக்கிறார். குடியிருப்பில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வெளியாட்கள் கொண்டுவந்த எதுவும் சும்மா போனதில்லை என்றார்கள். இவர் எழுந்து நின்று, பொட்டிக்கு நான் பொறுப்பு என்று சொல்லி ஒப்புதல் வாங்கினார். கேமராக்களை எங்கே வைப்பது என்பதைக் குடியிருப்பே முடிவு செய்யும். கிடைக்கும் படங்களைக் குடியிருப்பில் காட்ட வேண்டும். தேன் பாறைப் பக்கம் எதுவும் வைக்கக் கூடாது. நான் லேமினேட் செய்து கொடுத்த தீர்மானம் இதுதான்.

அறக்கட்டளையின் ஆய்வாளர் பிரபு, முப்பது வயதுக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கேமராக்களிலிருந்து கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வருவார். படங்களை விலங்குவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புறைகளில் போடும் வேலையை எங்கள் கடை ஏற்றுக்கொண்டது. என் கடையில் டைப் செய்யும் செல்விதான் அதைச் செய்தாள். மிளா, கேளையாடு, கரடி, முள்ளம்பன்றி என்று கோப்புறைகளுக்குப் பெயர் வைத்தவன் நான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஒருமுறை மாடி அறையில் கூட்டம். வனச்சரகர் வந்திருந்தார், குடியிருப்பிலிருந்து அக்காவும். நான் டீ வாங்கிக் கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"குட்டி போடுத எடத்தை ஏன் காட்ட மாட்டேங்கீங்க?" என்று சரகர் கேட்டார்.

"காட்டுனா நீங்க வருவீங்க. ஒங்க பின்னால பெரிய ஆபீசரு வருவாரு. அவரு பின்னால அவரு சொந்தக்காரங்க வருவாவ" என்றார். "இப்ப என் மொற. நீங்க மேல்புல்லுக்கு நடந்து ஏறியிருக்கீங்களா?"

சரகர் உண்மையைச் சொன்னார். "பாதி வழிதான். முட்டு வலி."

"அப்ப ஒங்களால ஆபத்து இல்ல. சொல்லுதேன்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். சரகரும்தான். அந்தத் தை மாதமே மேல்புல்லுக்கு ஏறும் வழியில், குடியிருப்பு ஆட்களையே காவலுக்கு வைக்க அவர் ஏற்பாடு செய்தார். யார் யார் நிற்பது என்று பெயர் கொடுத்தது இவர்.

கேட்டதற்கு மட்டும் பதில் என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. கேட்காததை அவர் சொல்ல மாட்டார். ஒரு மதியம் கடைக்கு வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை என்ன விலை போகிறது, பஸ்ஸில் எப்படி நெரிசல் என்றெல்லாம் பேச்சு. கிளம்பும்போது ஒரு மரியாதைக்காக, "வேற என்னக்கா விசேஷம்?" என்றேன்.

"ஒங்க பின்னால அந்தப் பிளக்கு பொகஞ்சுக்கிட்டே இருக்கு."

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பிளக் உருகி வழிந்திருந்தது.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?"

"இப்பதான கேட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இது எந்த விதமான மனிதர் என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. வீடு எரியும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று தோன்றியது.

ஏன் இப்படி என்று வேறொரு நாள் கேட்டேன். அதற்குச் சற்று நீளமாகவே பதில் சொன்னார்.

"மொத எல்லாம் கேக்கதுக்கு முன்னாலயே சொல்லிருவோம் அண்ணாச்சி. ஒருத்தன் வருவான், டீ வாங்கித் தருவான், இந்த வேரு எங்கன கெடைக்கும்பான். எங்க அப்பா சொல்லுவாரு. அது மட்டுமா, பக்கத்துல வேற ஒண்ணு இருக்கு, அதுவும் நல்ல மருந்துன்னு சேத்துச் சொல்லுவாரு. அடுத்த வருசம் போனா ரெண்டும் இருக்காது. தோண்டுன குழிதான் இருக்கும். அதான், கேட்டதுக்கு மட்டும். பெறவு அவன்கிட்டயும் ஒண்ணு கேட்டுரணும். எதுக்குக் கேக்கான்னு அவன் சொல்லுத பதில்ல தெரிஞ்சுபோகும்."

நான் பில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"ஒங்க மொற முடிஞ்சுது. ராத்திரி என்னத்த எழுதுதீங்க தெனமும்? செல்வி சொன்னா."

நாட்குறிப்பு என்றேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அது இரண்டாவது கேள்வியாகிவிடும்.

கொடுத்ததற்கு ஈடாகப் பெறுவதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பிரபு படங்களைப் போட்டுக் காட்டினார். புரொஜெக்டர் என்னுடையது என்பதால் நானும் போயிருந்தேன். கீழ்க்காட்டுக்கு மிளா இறங்குவதே இல்லை என்று அவர் பிரபுவிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். வேட்டியில் ஒரு கொம்பு மிளா, குடியிருப்புக்கு மிக அருகில், பட்டப்பகலில் நின்றது. எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

"ஏலே, நாங்க இல்லாத நேரம் பாத்து வருதியா!" என்று படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினார். "தம்பி, இது எனக்குத் தெரியாது. நல்லா இருக்கு. இன்னும் போடுங்க."

அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் ஒப்புக்கொண்ட விதத்தில் ஒரு கணக்குச் சரியான திருப்தி இருந்தது. அந்த வருடம் கேமராக்கள் நன்றாக வேலை செய்தன. மேல்புல்லில் குட்டிகளோடு நிற்கும் வரையாடுகளின் படங்களை மனுவோடு வைத்ததும், மாடு ஏறும் வழியை அடைக்க உத்தரவு வந்தது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது.

குடியிருப்புக்கு மேலே ஓடை ஒரு பாறைக் குழியில் தேங்கி நிற்கும். அதைக் கசம் என்பார்கள். கோடையில் மற்ற இடமெல்லாம் வற்றிய பிறகும் கசத்தில் தண்ணீர் கிடக்கும். அதனால் கோடை முழுவதும் கசம் விலங்குகளுக்கு. மனிதர்கள் அந்தத் தடத்தில் கால் வைக்க மாட்டார்கள். பஞ்சாயத்துத் தொட்டித் தண்ணீரில் சமாளித்துக்கொள்வார்கள். மழை விழுந்து மலையெங்கும் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் விலங்குகளுக்குக் கசம் தேவையில்லை. அன்றிலிருந்து அது பெண்களுக்கு. குளிக்க, துவைக்க, உட்கார்ந்து பேச. ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

கோடை தொடங்கும் முன் பிரபு, "தண்ணிக்கு எந்த வழியா வரும்ங்கம்மா?" என்று கேட்டார். அவர் கசத்துத் தடத்தைக் காட்டினார். சரியான பதில். படங்கள் அருமையாக வந்ததால், மழைக்கு முன் கழற்றுவதாக இருந்த கேமராவைப் பிரபு அங்கேயே விட்டு வைத்தார். இரண்டு தடவை கார்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் கார்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி திடீரென்று திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."

"என்னம்மா?"

"பொம்பளைங்க. குளிக்கப் போறாவ, குளிச்சிட்டு வாறாவ. நெறைய இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஈரத்துணியோட" என்றாள்.

நான் வாசல் பக்கமே நின்று பிரபுவை மாடியிலிருந்து கூப்பிட்டேன். விஷயத்தைச் செல்வி சொன்னாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். முதல் கார்டின் நகல் ஏற்கெனவே சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. மறுநாள் காலை குடியிருப்புக்குப் போய்த் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அதற்கு அவசியம் இருக்கவில்லை. மறுநாள் குடியிருப்பிலிருந்து அவரே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டைப்பையிலிருந்து கேமராவை எடுத்து என் கண்ணாடி மேஜையில் வைத்தார். மரத்தில் கட்டியிருந்த பட்டை அறுபட்டுத் தொங்கியது.

"தம்பி, இது எதுவரைக்கும் பாக்கும்?"

பிரபு சொன்னார்.

"மழை விழுந்த பெறகும் பாத்துச்சா?"

"பாத்துதுங்கம்மா. தப்பு எங்க மேலதான். ஆனா மழைக்கப்புறம் பொம்பளைங்க அந்த வழியாப் போவாங்கன்னு நீங்க சொல்லலைங்களே."

"நீங்க கேக்கலியே தம்பி."

அந்த வாக்கியத்தை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அன்று இல்லை. சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"பொட்டிக்கு நான் பொறுப்புன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னவ நானு" என்றார். "வேண்டாம்னு சொன்னவனுவ இன்னைக்கு என் வாசல்ல நிக்கானுவ. பொட்டி கண்ணுல பட்டதுல இருந்து பொம்பளைங்க ஒருத்தியும் கசத்துக்குப் போகல. அட்டைக்காட்டு வழியாச் சுத்திக் கீழ் ஓடைக்குப் போறாளுவ. வழுக்கி விழுந்து ஒருத்தி கை வீங்கிக் கெடக்கா. ஏங்கிட்ட யாரும் பேசல. எம் மவ உட்பட."

பிரபு கேமராவைக் கையில் எடுத்து, மறுபடி மேஜையில் வைத்தார்.

"எடுத்த படம் அத்தனையும் எங்க பொம்பளைங்க பாத்து, எங்க கண்ணு முன்னால அழியணும். அது நடக்கலைன்னா பொட்டி எல்லாத்தையும் கழட்டிருவாவ. என்னையும் குழுவுல வைக்க மாட்டாவ. மேல்புல்லுக் காவலும் அதோட போச்சு."

பிரபு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். இயக்குநர் ஒரு பெண்மணி. அக்கா கேட்டுக்கொண்டதால் பிரபு ஸ்பீக்கரில் வைத்தார். இயக்குநர் மரியாதையாகத்தான் பேசினார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்: பதிவான படங்களை அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. வேண்டாததை அழிக்கிறோம் என்று ஆரம்பித்தால், எங்கள் பதிவுகளை யாரும் நம்ப மாட்டார்கள். முகத்தை மறைத்து வைத்துக்கொள்கிறோம். யார் என்றே தெரியாது.

"மூஞ்சிய மறச்சுட்டா மிச்சம் இருக்கதெல்லாம் யாருது?" என்று இவர் கேட்டார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன் மேடம். வரையாடு எங்கன குட்டி போடும்னு நான் சொன்னேன். கரடி எந்த மாசம் எந்தப் பாறைக்கு வரும்னு சொன்னேன். தம்பி எல்லாத்தையும் மனசுல வச்சிருக்கு. நீங்களும் படிச்சிருப்பீங்க. நாளைக்கு எனக்கும் ஒங்களுக்கும் ஆகாமப் போச்சுன்னா அத நான் திருப்பிக் கேக்க முடியுமா? சொன்னது சொன்னதுதான். தலைக்குள்ள போனத அழிக்க முடியாது. படத்த அழிக்கலாம். முடியுதத்தான கேக்கேன்."

ஆலோசித்துச் சொல்வதாக இயக்குநர் போனை வைத்தார். இவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். அன்று எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அந்த வாரத்துக்குள் பதில் வந்தது. பெண்கள் வந்து பார்க்கலாம். அவர்கள் சொல்லும் படங்கள் அழிக்கப்படும். சென்னைக்குப் போன நகலும் அவர்கள் எதிரிலேயே அழிக்கப்படும். பிரபு அந்த ஹார்ட் டிஸ்கைத் தானே போய் வாங்கி வந்தார்.

பெண்கள் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். கடைக்குள் இடம் போதவில்லை. அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க வெளிய நில்லுங்க."

"நான் திரும்பிக்கூட..."

"வெளிய."

ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். உள்ளே செல்வி மட்டும் எங்கள் தரப்பு. நானும் பிரபுவும் செருப்புக் கடை நிழலில் ஒதுங்கினோம்.

"என்னவே, கடைய வித்தாச்சா?" என்றார் செருப்புக் கடை அண்ணாச்சி.

"வேலை நடக்கு அண்ணாச்சி."

"மொதலாளி தெருவுல, வேலை உள்ள. நல்லாருக்குவே ஒம்ம யாவாரம்."

முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு யாரோ அழுவதுபோல் கேட்டது. பிரபு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. திடீரென்று ஷட்டர் அதிரும்படி ஒரு சிரிப்பு. ஒருத்தி தொடங்கி, எல்லாரும் சேர்ந்து, நிறுத்த முடியாத சிரிப்பு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஷட்டர் ஏறியதும் அவர் ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னார். கசத்துத் தடம். ஆள் யாரும் இல்லை. ஒரு கரடி, வாயில் பச்சைச் சோப்பு டப்பாவைக் கவ்விக்கொண்டு, கேமராவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த டப்பாவுக்காவ இவளும் அவளும் ஒரு மாசமாப் பேசல" என்று இரண்டு பெண்களைக் காட்டினார். "நீதான் எடுத்த, நீதான் எடுத்தன்னு. ஏட்டி, இப்பவாவது பேசுங்கட்டி."

மற்ற படங்கள் என்ன, எத்தனை, எதுவும் எனக்குத் தெரியாது. செல்வியிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கரடிக் கோப்புறையில் அந்தச் சோப்பு டப்பாப் படம் மட்டும் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் அவர் பிரபுவைக் கூப்பிட்டார். "தம்பி, பொட்டி இருக்கட்டும். ஆனா இனிமே நீங்க கட்ட வேண்டாம். நாங்க கட்டுதோம், நாங்களே கழட்டுதோம். எப்ப, எங்கனங்கிறது எங்க பாடு. கார்டு ஒங்க கைக்கு வரும்." பிறகு எல்லார் எதிரிலும் சொன்னார்: "மழைக்கு கசம் எங்களுது. கேக்காமலே சொல்லுதேன்."

காட்டைப் பற்றி யாரும் கேட்காமல் அவர் சொன்ன ஒரே செய்தி, எனக்குத் தெரிந்து, அதுதான்.

கேமராவைக் கட்டுவதற்குப் பெண்கள் ஒரு முறையை வைத்தார்கள். அதை யோசித்தது அவரா, மற்றவர்களா என்று தெரியாது. பொட்டியை மரத்தில் கட்டியதும், கட்டியவர் தன் உள்ளங்கையை அதன் முன்னால் காட்டுவார். கழற்றும்போதும் அப்படியே. கார்டின் முதல் படம் ஒரு கை, கடைசிப் படம் ஒரு கை. இரண்டு கைகளும் இருந்தால்தான் இடையில் உள்ளதை நாங்கள் பார்க்கலாம். ஒரு கை இல்லையென்றாலும் இடையில் உள்ளதைப் பார்க்காமல் கார்டைக் குடியிருப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் இல்லாத நேரத்தில் யாரோ பொட்டியைத் தொட்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பிரபுவின் அலுவலகம் இதை ஏற்றுக்கொண்டது. இப்போது அவர்கள் வேலை செய்யும் வேறு மலைகளிலும் இந்த முறைதான் என்று கேள்விப்பட்டேன்.

செல்வி கார்டைப் போட்டதும் முதலில் இரண்டு முனைகளையும் பார்ப்பாள். "கை இருக்கு அண்ணாச்சி" என்பாள். பிறகுதான் வேலை தொடங்கும். பெரும்பாலும் அவருடைய கைதான். அகலமான உள்ளங்கை. சுண்டுவிரல் நிமிராமல் உள்ளே வளைந்தே இருக்கும். அவர் கடைக்கு வருவது குறைந்த பிறகும் அந்தக் கை வந்துகொண்டிருந்தது. வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற பங்குனியில், மேல்புல்லு வழி திறந்த பிறகு, பிரபு ஒரு கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வழக்கமாக வேட்டையாடியவன்போல உற்சாகமாக வருபவர், அன்று வைத்துவிட்டு நின்றுகொண்டேயிருந்தார். செல்வி கார்டைப் போட்டாள். முதல் படத்தில் அந்த வளைந்த சுண்டுவிரல். கடைசிப் படத்துக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இது யாரு கை?"

எழுந்து போய்ப் பார்த்தேன். சிறிய கை. மணிக்கட்டில் கண்ணாடி வளையல். விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன.

"அவங்க மகள்ங்க" என்றார் பிரபு. "மாசிக் கடைசியில. காய்ச்சல்னு படுத்தவங்க எந்திரிக்கலை. இந்தப் பொட்டி மேல்புல்லுல இருந்துச்சு. குட்டி போடுற காலம் முடியாம ஏறக் கூடாதுன்னு, தாய் போனதுக்கப்புறமும் காத்திருந்துதான் போய்க் கழட்டுனாங்க."

வெளியே சிவகிரி பஸ் போனது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கார்டை என்ன செய்வது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். தொடங்கிய கையே முடிக்கவும் வேண்டும் என்று அவர்கள் வைத்த முறையில் இல்லை. இரண்டு கைகள் இருக்க வேண்டும், இருந்தன.

"போடும்மா" என்றேன்.

இரண்டாவது படத்தில் மேல்புல்லு பனியில் கிடந்தது. மூன்றாவதில் ஒரு வரையாடு. அதன் வயிற்றோடு ஒட்டி, கால் இன்னும் சரியாக ஊன்றாத ஒரு குட்டி.